ரசீதைப் பத்திரமாக வை

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
மாசி மாதம், செவ்வாய் இரவு.

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே அனைவரும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் உன் மாமியாரான என் அக்காவும் நலமாக இருக்க ஜிந்துப்பிட்டி முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

தினமும் கைபேசியில் முகம் பார்த்துப் பேசுகிற மனிதர் எதற்குக் காகிதத்தை எடுத்தார் என்று நினைப்பாய். கைபேசி இந்த வீட்டில் உன் அம்மாவின் சொத்து. நான் வாய் திறப்பதற்குள் பேரனைப் பாடச் சொல்லிவிடுகிறாள். அவன் பாடி முடித்தால் உங்கள் பக்கம் சிக்னல் போய்விடுகிறது. அதோடு சில சங்கதிகளுக்கு எழுத்துதான் தோது. சிக்கல் என்ற ஊரில் பெண் எடுத்த நம் பழைய வீட்டுக்காரரின் மகன் வியாழக்கிழமை மதுரை விமானத்தில் போகிறார். உங்கள் முதுகுளத்தூரைத் தாண்டித்தான் அவர் மாமனார் ஊருக்குப் போக வேண்டும். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஒரு மணி நேரத்தில் மதுரையாம். என் அப்பா இந்தப் பக்கம் வரும்போது மண்டபம் முகாமில் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்து, பிறகுதான் தனுஷ்கோடியில் கப்பல் ஏறினார். அந்தத் தனுஷ்கோடியும் 1964 டிசம்பர் புயலோடு போயிற்று. சரி, அது பழைய கதை.

முதலில் மிளகாயைச் சொல். முதல் பறிப்பு முடிந்ததா? தையில் உங்கள் பக்கம் மழை பெய்ததாக இங்கே பேசிக்கொண்டார்கள். பூ கொட்டியிருக்குமே. களத்தில் காயப்போட்டது நனைந்ததா, பழம் வெளுத்ததா என்று கேட்டால், “எல்லாம் நல்லபடி அப்பா” என்கிறாய். முதுகுளத்தூர் வட்டத்தில் எல்லாம் நல்லபடியாகப் போன வருஷம் என்று ஒன்றை என் அப்பா சொல்லி நான் கேட்டதில்லை. மழை இல்லாவிட்டால் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மழை வந்தால் அறுப்பு நேரம் பார்த்து வரும். சேதுபதி மகாராஜா ரெகுநாத காவிரி என்று பெயரைப் பெரிதாக வைத்து ஒரு கால்வாயை வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். குண்டாற்றில் தண்ணீர் வந்தால் அல்லவா அது கமுதியைத் தாண்டி இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும்? ஆகவே உன் “நல்லபடி”யை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. எத்தனை மூட்டை, என்ன விலை, கையில் நின்றது எவ்வளவு என்று சொல். கணக்கு எழுதத் தெரிந்தவளிடம்தான் கேட்கிறேன்.

நேற்றுப் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருப் பக்கம் போயிருந்தேன். செத்தல் மிளகாய் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கிறார்கள். இந்த நாட்டில் விற்கிற செத்தலில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருவதுதான். ஒரு மூட்டையில் கையை விட்டு அள்ளிப் பார்த்தேன். எல்லாம் நீட்டுக் காய். நம் பக்கத்துக் குண்டு மிளகாய் ஒன்றுகூட இல்லை. கடைக்காரப் பையன், “ஐயா வாங்கப்போகிறீர்களா, சும்மா பார்க்கிறீர்களா?” என்றான். என் மகள் இதைவிட நல்ல காய் போடுகிறாள் என்று சொன்னேன். அவனுக்கு அதில் அக்கறை இல்லை. 2023இல் அந்தக் குண்டு மிளகாய்க்கு ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தபோது செய்தித்தாளைப் படம் எடுத்து அனுப்பினாயே, அதை நான் வேலை பார்க்கும் நகைக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். தங்கம் வாங்க வந்தவர்கள் மிளகாய்ச் செய்தி கேட்டுப் போனார்கள். குறியீடு வந்தது. விலை வந்ததா? அதை நீ படம் எடுத்து அனுப்பவில்லை.

பரமக்குடி கமிஷன் கடைகளின் நடைமுறை எனக்குத் தெரியாததல்ல. விதைப்புக்கு முன்பணம் வாங்கினால் காயை அந்தக் கடையில்தான் போட வேண்டும். அவர் சொல்வது விலை, அவர் பிடிப்பது கழிவு. மாப்பிள்ளை இந்த ஆண்டு யாரிடமும் முன்பணம் வாங்கவில்லை என்று பொங்கலன்று பெருமையாகச் சொன்னார். நல்ல காரியம். அப்படிச் சொல்லும் துணிச்சல் அந்த வட்டத்தில் எத்தனை பேருக்கு உண்டு? ஆனால் முன்பணம் இல்லாமல் விதையும் உரமும் களை எடுப்பும் பறிப்புக் கூலியும் எந்தப் பணத்தில் ஓடின என்று நான் அவரிடம் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

போர் கிணறு போட்டதாகச் சொன்னீர்கள். எத்தனை அடி போயிற்று? தண்ணீர் வந்ததா? வந்த தண்ணீர் மிளகாய்க்கு ஆகுமா, உவரா? நம் ஊர்ப் பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று என் அக்காவுக்குத் தெரியும். நாலு குடம் நல்ல தண்ணீருக்குத் தள்ளுவண்டியை எத்தனை ஊர் தள்ளியவள் அவள். காவிரிக் கூட்டுக் குடிநீர் குழாயில் வர ஆரம்பித்த பிறகும் அந்த வண்டியை அவள் விற்கவில்லை என்று நீதானே சிரித்துக்கொண்டு சொன்னாய். குழாயை அவள் நம்பவில்லை. அப்படிப்பட்டவள் பக்கத்தில் இருக்க, போர் போட யார் யோசனை சொன்னது? போர் வண்டிக்காரனுக்கு அடிக் கணக்கில் கூலி. தண்ணீர் வந்தாலும் கூலி, புகை வந்தாலும் கூலி. குறை சொல்வதாக நினைக்காதே. தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

பொங்கல் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அன்று பேசியபோது முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தியிருந்தாய். குளிரா என்று உன் அம்மா கேட்டாள். ஆமாம் என்றாய். தை மாதக் காலையில் கொஞ்சம் குளிர் இருக்கும்தான். பிறகு பேரன் இழுத்ததில் முந்தானை சரிந்தது. மஞ்சள் கயிறு புதிதாக, பளிச்சென்று இருந்தது. பேசி முடித்த பிறகு உன் அம்மா, “பொங்கலுக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருக்கிறாள், பார்த்தீர்களா? என்ன இருந்தாலும் கிராமத்துப் பழக்கம் நல்ல பழக்கம்” என்றாள். ஆடிப் பதினெட்டுக்கு மாற்றுவதுதானே நம் ஊர் வழக்கம் என்று நான் சொல்லவில்லை. அவள் சந்தோஷமாக இருந்தாள். அப்படியே இருக்கட்டும்.

நான் செட்டியார் தெருவில் கணக்கெழுதித் தலை நரைத்தவன். இப்போதும் காலையில் போய் அரை நாள் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். கடைக்குள் நுழைகிற பெண்ணின் கழுத்தில் என்ன இருக்கிறது, எத்தனை பவுன், எந்த ஊர் வேலை என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. முன்பு இருந்து இப்போது இல்லாததும் தெரியும். நகையைப் பற்றி உனக்குப் பொதுவாகச் சில விஷயங்கள் எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். பொதுவாகத்தான். நீ நடத்துகிற மகளிர் குழுவில் உள்ள பெண்களுக்குச் சொல்லலாம் அல்லவா?

உங்கள் பக்கத்தில் நகை என்பது போட்டுக்கொள்வதற்கு என்பதைவிட வைப்பதற்கு. விதைப்புக்கு உள்ளே போகும், காய் விற்றால் வெளியே வரும், கல்யாணத்துக்கு நாலு நாள் கழுத்தில் இருக்கும், மறுபடி உள்ளே போகும். இதில் வெட்கப்பட ஒன்றும் கிடையாது. பட்டாவும், என்ன பயிர் என்று காட்டும் அடங்கலும் தன் பெயரில் இருப்பவனுக்குக் கூட்டுறவு சொசைட்டியில் பயிர்க்கடன் கிடைக்கும். தவணையில் கட்டினால் வட்டியும் இல்லை. குத்தகைக்கு எடுத்து மிளகாய் போடுகிறவனுக்கு? பங்காளியின் பெயரில் பட்டா கிடக்க, நிலத்தை உழுகிறவனுக்கு? அவன் வீட்டுப் பெண்ணின் கழுத்துதான் அவனுக்குப் பட்டா. இது உன் அத்தை வீட்டைச் சொல்லவில்லை. அந்த வட்டம் முழுவதும் அப்படித்தான்.

வைப்பதானால் எங்கே வைக்கிறோம் என்பது முதல் கேள்வி. சொசைட்டியோ வங்கியோ என்றால் வட்டி தெரியும், விதி தெரியும், யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியும். தனியார் கடையில் வேலை சீக்கிரம் முடியும். காலையில் போனால் மதியத்துக்குள் பணம். அந்தச் சீக்கிரத்துக்கு விலை உண்டு. தனி ஆள் வட்டியைப் பற்றி எழுதவே எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கு எதிராக 2003இல் தமிழ்நாட்டில் சட்டமே போட்டார்கள். சட்டம் சென்னையில் இருக்கிறது, வட்டிக்காரர் அடுத்த தெருவில் இருக்கிறார்.

இரண்டாவது, முன்பெல்லாம் வருஷக் கடைசியில் வட்டியை மட்டும் கட்டிவிட்டு அதே நகையை மறு வருஷத்துக்கு மாற்றி வைத்துக்கொள்வார்கள். ரிசர்வ் வங்கி கெடுபிடி செய்த பிறகு பல இடங்களில் அசலையும் சேர்த்துக் கட்டித் திருப்பினால்தான் மறுபடி வைக்க முடிந்தது என்று அங்கிருந்து வந்தவர்கள் எல்லாரும் புலம்பினார்கள். அந்த ஒரு நாள் பணத்துக்காக வெளியே வாங்கினார்களாம். ஒரு நாள் என்று வாங்கிய பணம் ஒரு நாளில் போகாது. கெடு எப்போது என்று பார்த்து, அதற்கு இரண்டு மாதம் முன்பே எனக்குச் சொல். எனக்கு என்று எழுதிவிட்டேன். யாருக்காவது சொல்ல வேண்டும் என்பதைத்தான் சொன்னேன்.

மூன்றாவது, இதுதான் முக்கியம். ரசீது. ரசீது யார் பெயரில் இருக்கிறது? எடை என்ன போட்டிருக்கிறான்? கல் கழிவு எவ்வளவு பிடித்தான்? உருப்படி எத்தனை என்று எழுதியிருக்கிறானா, மொத்தமாக “செயின்” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டானா? நகை யாருடையதாக இருந்தாலும், ரசீதில் யார் பெயரோ அவர் போய்க் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே வரும். அவர் ஊரில் இல்லை, வளைகுடாவுக்குப் போய்விட்டார், வடக்கே முறுக்குக் கடைக்குப் போய்விட்டார் என்றால் அவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். இதற்குள் கெடு முடிந்தால் நோட்டீஸ் வரும். நோட்டீஸும் அவர் பெயருக்குத்தான் வரும். பிறகு ஏலம். நகை முழுகிவிட்டது என்று எவ்வளவு எளிதாகச் சொல்கிறார்கள்.

உனக்கு இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, நீ மறந்திருக்க மாட்டாய். உன் கையில் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு. இந்தியரைக் கட்டிக்கொண்டவர் குடியுரிமைக்குப் பதிய அங்கே ஏழு ஆண்டு இருந்திருக்க வேண்டும். உனக்கு இன்னும் அது நிறையவில்லை. இலங்கைக் குடியுரிமை உள்ளவர் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் அங்கே ஒரு செண்டு நிலம் வாங்க முடியாது. நிலமும் உன் பெயரில் இல்லை. கடனும் உன் பெயரில் வராது. உன் பெயரில் இருப்பது நான் நிறுத்துக் கொடுத்த உருப்படிகள் மட்டும்தான். அவற்றுக்கும் ரசீது வேறு பெயரில் இருந்தால், அந்த வட்டத்தில் உன் பெயர் எழுதிய காகிதம் என்று என்னதான் இருக்கிறது? மாப்பிள்ளை தங்கமான பிள்ளை. நான் அவரைச் சொல்லவே இல்லை. என் மடியில் வளர்ந்த பிள்ளை அவர். காகிதத்தைச் சொல்கிறேன்.

காகிதம் இல்லாதவர் படும் பாடு நம் குடும்பத்துக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும்? 1948இல் ஒரு சட்டம் வந்து உன் தாத்தாவை எந்த நாட்டுக்காரரும் இல்லை என்று ஆக்கிவிட்டது. 1964இல் இரண்டு பிரதமர்கள் டில்லியில் உட்கார்ந்து 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்துக் கையெழுத்துப் போட்டார்கள். உன் பெரிய தாத்தா அந்தக் கணக்கில் ஊருக்குப் போனார், தாத்தா இங்கேயே இருந்தார். எனக்குக் காகிதம் கிடைத்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில். பெட்டியைத் திறந்தால் உன் தாத்தாவின் மணியார்டர் ரசீதுகள் இன்னும் இருக்கின்றன. ஊரில் உள்ள அந்த முன்கட்டு, ஓட்டு வீடு, கிணற்று மேடை எல்லாம் அந்த ரசீதுகள்தான். அந்த வட்டம் எப்போதும் வெளியே போனவன் அனுப்பிய பணத்தில் நின்றது. முன்பு கொழும்பும் ரங்கூனும் பினாங்கும், இப்போது துபாய். அங்கிருந்து வெளியே போகாமல், வெளியிலிருந்து அங்கே போய்ப் பிழைக்கப் பார்த்தவள் நம் குடும்பத்தில் நீ ஒருத்திதான். இதைப் பாராட்டா குறையா என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை.

1983 ஜூலைக் கலவரத்தில் நான் வேலை பார்த்த கடை எரிந்தது. மூன்று நாள் கழித்துப் போனபோது இரும்புப் பெட்டி மட்டும் நின்றது. பேரேடு இல்லை, ஐந்தொகை இல்லை, என் கையெழுத்தில் இருந்த ஒரு வரி இல்லை. பழுது பார்க்கவும் மாற்றிச் செய்யவும் நகை கொடுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். முதலாளி எல்லாரிடமும் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்: ரசீது இருக்கிறதா? இருந்தவர்களுக்குக் காணி விற்றுக் கொடுத்தார். இல்லாதவர்களில் ஓர் அம்மா முகத்துவாரத்திலிருந்து வந்தவர். மகளுக்கென்று கொடுத்த அட்டியல். அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும், எழுதியவன் நான். முதலாளி என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்றேன். எடை கேட்டார். எடை எனக்கு ஞாபகம் இல்லை. அந்த அம்மாவும் அறியார். அங்கேயே நின்றுகொண்டிருந்தார். கடைசியில் ஏதோ கொடுத்தார்கள், எதையோ வாங்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து உன் அம்மா மளிகைச் சிட்டையைக் கிழித்தால்கூட நான் சத்தம் போடுகிறேன் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2022இல் இங்கே பெட்ரோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற காலத்தில், ஒரு டாலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றைம்பதுக்கு மேல் தாண்டிய அந்த மாதங்களில், உன் அம்மாவின் காப்பு இரண்டும் வங்கியில்தான் இருந்தன. அம்மாவின் மருந்துக்காக வைத்தோம். நீ அப்போது பேரனை வயிற்றில் வைத்திருந்தாய், உன்னிடம் சொல்லவில்லை. நீ வளையல் எங்கே என்று கேட்டபோது கை வீக்கம், கழற்றி வைத்திருக்கிறேன் என்றாள். எவ்வளவு அழகாகப் பொய் சொன்னாள். அடுத்த ஆண்டு திருப்பிவிட்டோம். உன்னிடம் சொல்லாதது சரி என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். ஆனால் நீ என்னிடம் சொல்லாதிருப்பது மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. இதில் நியாயம் இல்லை என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள்.

அக்காவைப் பற்றி நான் ஒரு வார்த்தை குறைவாகப் பேச மாட்டேன். அத்தான் சவூதியில் இருந்து காசு வராத ஆண்டுகளில் சீமைக்கருவேலம் வெட்டி, மூட்டம் போட்டு, கரி சுட்டுப் பிள்ளைகளை வளர்த்தவள். அந்த மரத்தை ஒழிக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவு போட்டபோது, “மழை பொய்த்த வருஷம் சோறு போட்டது நீதிமன்றமா, இந்த முள்ளா?” என்று கேட்டவள். நிலத்தடி நீரை அது உறிஞ்சுகிறது என்கிறார்கள். இருக்கலாம். அவள் கேள்விக்கு எவரும் பதில் சொல்லவில்லை. இப்போது அவளுக்கு அரசின் மகளிர் உரிமைத் தொகை மாதாமாதம் வருகிறது. 2023 செப்டம்பரில் முதல் முறை 1,000 ரூபாய் வந்தபோது வங்கி அட்டையை என்னிடம் கைபேசியில் தூக்கிக் காட்டினாள். எழுபது வயதில் அவள் பெயருக்கு வந்த முதல் பணம். அட்டையில் பெயர் எங்கே இருக்கிறது என்று உன்னிடம் கேட்டு, விரல் வைத்துக் காட்டினாள். அவளுக்குப் புரியும். நீ ரசீது விஷயத்தை அவளிடம் நேராகப் பேசினால் அவள் கோபிக்க மாட்டாள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நான் அவளிடம் பேச முடியாது. பெண்ணைக் கொடுத்தவன் நான். அவள் என் அக்காவாக இருப்பதால் இன்னும் முடியாது. அந்நியமாக இருந்தால் நேராகவே கேட்டுவிடுவேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது. வங்கி வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. பம்பலப்பிட்டியில் குளிர்சாதன அறை, ஓய்வூதியம் எல்லாம். அதை விட்டுவிட்டு அத்தை மகன்தான் வேண்டும் என்று நின்றாய். நாங்கள் தடுத்தோமா? பெருமைப்பட்டோம், உறவு விட்டுப்போகாது என்று. அங்கே போய் உட்கார்ந்துவிடவும் இல்லை நீ. தெருப் பெண்களுக்குப் பயிர்க் காப்பீட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறாய், அடங்கல் வாங்க அவர்களைக் கிராம நிர்வாக அலுவலரிடம் அழைத்துப்போகிறாய், மிளகாய்க்கு நூற்றுக்கு ஐந்து பிரீமியம், நெல்லுக்கு ஒன்றரை என்று விரல்விட்டுச் சொல்கிறாய். மாப்பிள்ளையின் சித்தப்பா கொழும்பு வந்தபோது, “உங்கள் பெண் இல்லாவிட்டால் எங்கள் தெருவில் பாதிப் பேர் கெடு முடிந்த பிறகுதான் விழித்திருப்பார்கள்” என்றார். அன்று முழுவதும் நான் கடையில் சும்மா சிரித்துக்கொண்டிருந்தேன். ஊருக்கெல்லாம் கெடு பார்த்துச் சொல்கிறவள் தன் கெடுவைப் பார்த்திருப்பாள் என்று நம்புகிறேன். பார்த்திருப்பாய் அல்லவா?

2021இல் கூட்டுறவுச் சங்கங்களில் 40 கிராமுக்குள் வைத்திருந்த நகைக் கடனை அரசு தள்ளுபடி செய்தது. அதை நம்பிக்கொண்டு, மறுபடி தள்ளுபடி வரும், தேர்தல் வரும் என்று வட்டியைக் கட்டாமல் விட்டவர்கள் உண்டாம். அந்தக் கூட்டத்தில் யாரும் சேர வேண்டாம் என்று உன் குழுப் பெண்களுக்குச் சொல். ஏழு பவுன் என்பது 56 கிராம். எந்தத் தள்ளுபடியிலும் அடங்காது.

பேரனைச் சித்திரங்குடிக் கண்மாய்க்கு அழைத்துப்போனீர்களா? 2022இல் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் உலக ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்துவிட்டன. உலகமெல்லாம் தெரிந்த கண்மாய் பக்கத்தில் இருக்க, அவன் என்னிடம் கைபேசியில் பென்குயினைக் காட்டுகிறான். இந்தப் பருவம் முடிந்தால் பறவைகள் போய்விடும். மேலக்கொடுமலூர் முருகனுக்கு அவன் பேரில் வைத்த நேர்த்தியும் பாக்கி. அதற்கு நாங்கள் வருவதாக இருந்தோம். உன் அம்மாவின் முழங்கால் சம்மதித்தால் பங்குனியில் வருவோம். வந்தால் அவள் உன் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பாள், அவள் பழக்கம் உனக்குத் தெரியும். ஆகவே பங்குனிக்குள் என்ன நிலவரம் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

பார்சலில் தேயிலை, மாசிக் கருவாடு, அக்காவுக்குச் சந்தனச் சவர்க்காரம் ஆறு கட்டி, பேரனுக்குச் சட்டை இருக்கின்றன. சட்டை மடிப்புக்குள் ஓர் உறை வைத்திருக்கிறேன். அதில் உள்ளது கடையில் எனக்குக் கொடுத்த போனஸ், இந்திய ரூபாயாக மாற்றியது. அதை மிளகாய்க்கும் போருக்கும் போடாதே. வட்டிக்கு மட்டும். யாருடைய வட்டிக்கு என்று நான் எழுதவில்லை, நீயும் எழுத வேண்டாம். மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டுமா என்பது உன் விருப்பம். தெரிந்தால் அவர் மனம் சங்கடப்படுமோ என்று யோசிக்கிறேன். மறைத்தால் அதைவிடச் சங்கடம். நீயே முடிவு செய்.

அவர் தவறாக எடுத்துக்கொள்வார் என்றால், நகை பற்றிய இந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டு மிளகாய்ப் பக்கத்தை மட்டும் வாசித்துக் காட்டு. பக்கங்களைத் தனித்தனியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

ரசீது இருந்தால் முன்புறமும் பின்புறமும் படம் எடு. பின்புறத்தில்தான் கெடுவும் விதியும் பொடி எழுத்தில் இருக்கும். எடை, தேதி, பெயர் மூன்றும் தெளிவாகத் தெரிய வேண்டும். எடுத்த படத்தை என் கைபேசிக்கு அனுப்பாதே, அதை அம்மாதான் முதலில் திறக்கிறாள். கடை எண்ணுக்கு அனுப்பு. காலை பத்திலிருந்து ஒன்று வரை நான் அங்கே இருப்பேன். ரசீது என்று ஒன்று இல்லவே இல்லை, எல்லாம் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்றால், அதையும் அதே எண்ணுக்கு ஒரு வரியில் எழுது.

அப்பா.